நூற்றில் எத்தனை நீலம்

நான் பார்த்த பொறாமைக்காரிகளில் முதல் இடம் பாப்பாயிக்கு. இரண்டாம் இடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொல்லிமலையில், தேவனூர் நாட்டில், மிளகுக் கொடியும் மரவள்ளியும் சாமையும் வைத்துப் பிழைத்த, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியைப் பற்றி நான் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை.

என் பெயர் மேனகா. மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் எங்கள் ஊர். 2005-இல் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே வித்யாஸ்ரீ என்ற டாக்டர் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள். நரம்பே தெரியாத கையில் எப்படி ஊசி போடுவது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாளைக்கு ஏதாவது கண்டுபிடித்தால் அவள் பெயர் அச்சில் வரும், என் பெயர் வராது என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த எரிச்சலோடுதான் அவளுக்கு வேலை செய்தேன். நன்றாகவே செய்தேன்.

அவள் ஆராய்ச்சி இதுதான். நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கண்ட கிருமியையும் விரட்டிப் பிடிக்கும் அவை புற்றுநோய் செல்லிடம் மட்டும் ஏன் தோற்றுப் போகின்றன? ஒரு காரணம் துகள்கள். புற்றுச் செல்கள் தங்கள் உடம்பிலிருந்து மிகச் சின்னத் துகள்களைக் கழற்றிக் கழற்றி வெளியே விடுகின்றன. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். நல்ல செல்களும் துகள் விடும்தான். ஆனால் புற்றுச் செல் விடும் துகளின் மேல் ஒரு பொல்லாத புரதம் ஒட்டியிருக்கும். வெள்ளை அணுவுக்கு, வேலை முடிந்ததும் தானாகச் செத்துப் போவதற்கென்று ஒரு விசை உண்டு. துகள் நேராகப் போய் அந்த விசையை அழுத்திவிடும். சண்டைக்குக் கிளம்பிய அணு சண்டை போடாமலே சாகும். சாகாதவை சுணங்கிப் போகும். வெளிநாடுகளில் இதைப் பற்றி நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெண்களிடம் அது எப்படி இருக்கிறது என்று வித்யாஸ்ரீ பார்க்க விரும்பினாள்.

துகள் கிடைத்தது சென்னம்மாளிடமிருந்து. அவளும் தேவனூர் நாட்டுக்காரிதான், ஐம்பது வயது. சினைப்பையில் புற்று முற்றி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் மகள் அருணா பஸ்ஸில் அழைத்து வருவாள், நாங்கள் நீரை இறக்குவோம். அந்த நீரை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று வித்யாஸ்ரீ கேட்டபோது அவள் சிரித்தாள். "கீழ ஊத்தற தண்ணிதானுங்க டாக்டரம்மா. எடுத்துக்குங்க."

அடுத்து நோயில்லாத ஒருத்தியின் ரத்தம் வேண்டும். அதே வயது, ரத்த சம்பந்தம் கூடாது. அதே தண்ணீர், அதே சாப்பாடு என்றால் இன்னும் நல்லது. இதைக் கேட்டதும் சென்னம்மாள் மகளைப் பார்த்தாள், மகள் தரையைப் பார்த்தாள்.

"அப்படி ஒருத்தி ஊட்டுப் பக்கத்துலயே இருக்கறா. என்ற ஊட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. ஆனா நான் கூப்புட்டா வர மாட்டா. எனக்கு மட்டும் எடுத்தீங்கன்னு அவ காதுல விழுகோணும், தானா வருவா."

காதில் விழுந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பாப்பாயி வந்து இறங்கிவிட்டாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசைக்கு எதிரே நின்றுகொண்டு என்னைக் கேட்டாள். "ஏனுங்க, அவகிட்ட மட்டும்தான் எடுப்பீங்களா? என்ற ஒடம்புல ஓடறது என்ன, மழத்தண்ணியா?"

எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது.

அருணா பிறகு எனக்குச் சொன்ன கதை இது. இருவரும் அண்ணன் தம்பிக்கு நாற்பது நாள் இடைவெளியில் வாழ்க்கைப்பட்டவர்கள். அந்த நாற்பது நாளில் சென்னம்மாள் மூத்த மருமகள் ஆகிவிட்டாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுச் சாமை வந்ததும் முதல் பானைச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்குவது மூத்த மருமகளின் கை. இறக்கிச் சாமிக்குப் படைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் புதுச் சாமையை வாயில் வைக்கலாம். அருணா பிறந்த வருடம் அறுவடையும் பிரசவமும் ஒன்றாக வந்தன. பானையை இறக்க இந்த வருடம் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பாப்பாயி தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். மாமியார் கூப்பிடவில்லை. தீட்டுக் கழியட்டும், மூத்தவளே வரட்டும் என்று ஒரு மாதம் வீடு முழுக்கப் பழைய ராகியைத் தின்று காத்திருந்தது. பிள்ளை இல்லாதவள் கை படக் கூடாதாம். மாமியார் அதை மெதுவாகத்தான் சொன்னாள். பாப்பாயி காதில் தெளிவாகவே விழுந்தது.

அன்றைக்கே பாப்பாயி தனி அடுப்பு வைத்தாள். ஒரே கூரையைத் தடுத்து நடுவில் சுவர் எழும்பியது. மாமியார் செத்தும் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் அவளிடம் காட்ட வேண்டிய கோபம் முழுவதையும் பாப்பாயி சென்னம்மாள் கணக்கில் வைத்துவிட்டாள். சென்னம்மாளின் மிளகு நன்றாகக் காய்த்தால் வயிறு எரிவாள். சென்னம்மாளுக்குக் காய்ச்சல் என்று நாலு பேர் பார்க்க வந்தால், தனக்கு ஒரு தலைவலிகூட வர மாட்டேன் என்கிறதே என்று வயிறு எரிவாள். கடைசியில் இந்தப் பெரிய நோய் வந்து, மகள் தாங்க, டாக்டரம்மா கையைப் பிடித்துப் பேச, ஊரே சென்னம்மாளை விசாரித்தது. பாப்பாயியால் தாங்க முடியவில்லை. அவள் சாக வேண்டும் என்று பாப்பாயி ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரே ஒரு தடவை அவளை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வேலைமுறை இப்படி. சென்னம்மாளின் வயிற்று நீரைப் பெரிய சுழல் இயந்திரத்தில் போட்டு, நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் ஓடவிட்டால் துகள்கள் குழாயின் அடியில் படியும். கண்ணுக்குத் தெரியாது, படிந்திருக்கிறது என்று நம்பித்தான் எடுக்க வேண்டும். பாப்பாயியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து இரண்டு தட்டில் போடுவோம். ஒரு தட்டை அப்படியே விடுவோம். இன்னொன்றில் துகளைச் சேர்ப்போம். மறுநாள் காலை நீலச் சாயம் கலந்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவேன். செத்த அணு சாயத்தைக் குடித்து நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, வெளுப்பாகவே இருக்கும்.

முதல் மாதம் சும்மா விட்ட தட்டில் நூற்றுக்கு ஆறு நீலம். துகள் சேர்த்த தட்டில் நாற்பத்து நாலு.

ரத்தம் கொடுத்தவர்களிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்று வித்யாஸ்ரீ சொல்லியிருந்தாள். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்திருக்கிறது? ஊருக்குப் போகாமல் வராந்தாவிலேயே துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த பாப்பாயி, காலையில் வந்து கதவில் நின்று, "என்ற ரத்தம் எப்படிங்க?" என்று கேட்டாள். நானும் உள்ளே கூப்பிட்டு, நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் விளக்கிவிட்டேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இந்த நீலமெல்லாம்?"

"செத்துப் போனதும்மா. உங்களுது."

"எதுனால?"

"சென்னம்மாள் அம்மா வயித்துல இருந்து வந்த துகளால."

பாப்பாயி நிமிர்ந்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "இங்கயும் அவதானா?" என்றாள். "மலைய எறங்கி இத்தனை தூரம் வந்தும் அவதான் ஜெயிக்கறாளா?"

இது சண்டை இல்லை, அந்தத் துகள் சென்னம்மாள் அனுப்பியது இல்லை, அவளுக்கும் அதுதான் எதிரி என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டது வேறு. "அடுத்தது எப்ப எடுப்பீங்க?"

"அடுத்த மாசம், அவங்களுக்கு நீர் எடுக்கற அன்னைக்கு."

"வாரேன்."

வந்தாள். மாதம் தவறாமல் வந்தாள். உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தாள் என்று சொல்ல வேண்டும். மலைத்தேன், தினை மாவு, முருங்கைக் கீரை, எதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று யார் சொன்னாலும் தின்றாள். இரண்டாம் மாதம் நாற்பத்தேழு. மூன்றாம் மாதம் நாற்பத்து மூன்று. கதவில் வந்து நிற்கும்போதே கேள்வி வந்துவிடும். "எத்தனை நீலம்?" நான் சொல்வேன். இதில் வித்யாஸ்ரீயிடம் நான் வாங்கிய திட்டுக்கு அளவில்லை.

நாலாவது மாதம்தான் அருணா மூலம் ஒரு விஷயம் தெரிந்தது. ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு என்று நாங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன தகுதியைப் பாப்பாயி தனக்குப் போட்ட சட்டமாக எடுத்துக்கொண்டிருந்தாள். தனி அடுப்பு என்று தெரிந்தால் தன்னை நீக்கிவிட்டு வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். கூடவே ஒரு சந்தேகம். சென்னம்மாளின் துகளுக்கு இவ்வளவு வலு என்றால் அவள் ரகசியமாக எதையோ தின்கிறாள். இரண்டுக்கும் ஒரே வழிதான் இருந்தது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு பாப்பாயி தன் பானைகளைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்து சென்னம்மாளின் அடுப்பில் வைத்துவிட்டாள்.

"அம்மா என்ன சாப்புடுதோ அதேதான் சின்னம்மாவும் சாப்புடுது," என்றாள் அருணா. "அம்மாவுக்குச் சோறு எறங்காதப்ப சின்னம்மாவுக்குக் கோவம் வந்துரும். நீ திங்காட்டி நானும் திங்க முடியாது, என்னைப் பட்டினி போட்டு ஜெயிக்கப் பாக்கறயான்னு சத்தம் போடும். அம்மா ரெண்டு வாய் வாங்கிக்கும்."

ஐப்பசியில் பெய்த மழைக்கு மலைப்பாதையில் பாறை உருண்டு பஸ் நின்றுபோனது. பாதை திறந்த பிறகும் சென்னம்மாள் வரவில்லை. நிலைமையைப் பார்த்து வரச் சொல்லி வித்யாஸ்ரீ என்னை அனுப்பினாள். எழுபது வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்து போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் கட்டிலைப் போட்டு வெயிலில் சென்னம்மாளைப் படுக்க வைத்திருந்தார்கள். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் மேடாக இருந்தது. பாப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து ராகிக் களியைக் கீரைச் சாற்றில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் தனக்கு. அளவில் ஒரு விரல்கூட வித்தியாசம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். என்னைக் கண்டதும் சென்னம்மாள் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. போன தடவை எண்ணுனது எத்தனைன்னு பாப்பா சொல்லவே மாட்டீங்கறா."

"நாப்பத்தொண்ணும்மா."

"அடேங்கப்பா, ரெண்டு கொறஞ்சிருக்குதே!" சென்னம்மாள் பாப்பாயியின் முழங்காலைத் தட்டினாள். "நல்லாத் தின்னு புள்ள. என்னையாட்டம் உட்டுறாத. அதுகளை ஒரு கை பாரு."

பாப்பாயி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விருட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை ஆத்திரத்தில் வந்தது. "பாத்தயா சாமி? நான் அவளை ஜெயிக்கோணும்னு தவிக்கறேன். அவ என்னை ஜெயிக்கச் சொல்லறா. இதுலயும் பெரிய மனசுக்காரின்னு அவதான் பேரு வாங்கறா. எனக்கு என்னதான் மிச்சம்?"

அடுப்புக்கு மேலே ஒரு துணிப்பை தொங்கியது. அந்த வருடத்துப் புதுச் சாமை. அறுவடை முடிந்து பத்து நாளாகியும் பொங்கவில்லை. சென்னம்மாளால் எழுந்து வந்து பானையை இறக்க முடியாது. இந்த வருடம் பாப்பாயியே இறக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். சென்னம்மாளின் வீட்டுக்காரர் குப்புசாமியும் சரி என்றார். பாப்பாயிதான் முடியாது என்று நின்றுவிட்டாள்.

"அவ குடுத்து நான் வாங்க மாட்டேன். எண்ணிக்கை பத்துக்குக் கீழ வரட்டும். அன்னைக்கு நான் எறக்கறேன்."

அன்று மாலை பஸ்ஸில் இறங்கி வரும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைப் பார்த்து இப்படிப் பொறாமைப்பட ஒருத்தி இல்லையே என்று நினைத்தேன். என் பொறாமை வித்யாஸ்ரீக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு நான் ரத்தம் எடுக்கும் மேனகா, அவ்வளவுதான்.

தை மாதம் சென்னம்மாள் போய்ச் சேர்ந்தாள். சாமைப் பை அப்படியே தொங்கியது என்று அருணா சொன்னாள். பாப்பாயியும் அதன் பிறகு வரவில்லை.

மாசி கடைசியில் வித்யாஸ்ரீக்கு ஒரு மருந்து வந்து சேர்ந்தது. துகளின் மேல் இருக்கும் அந்தப் பொல்லாத புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அது வெள்ளை அணுவின் விசையை அழுத்த முடியாமல் அடைத்துவிடும் ஒரு பொருள். தட்டில் போட்டுப் பார்க்கத்தான், நோயாளிக்குக் கொடுக்க இல்லை. சென்னம்மாளின் துகள் இன்னும் மூன்று குப்பி உறைபெட்டியில் இருந்தது. குறைவாக இருக்கிறதே என்று, முதலில் மருந்து சேர்த்து ஒரு குப்பி மட்டும் பார்ப்போம், வித்தியாசம் தெரிந்தால் மருந்து போட்டும் போடாமலும் சேர்த்து வைத்து முறையாகச் செய்வோம் என்றாள். அதே பாப்பாயியின் ரத்தம் வேண்டும். செம்மேட்டில் ஒரு கடைக்குப் போன் போட்டுச் சொல்லி அனுப்பினேன். வருவாளா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வந்தாள். கொண்டையில் எண்ணெய் இல்லை. கையை நீட்டினாள். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு எப்போதும்போல வராந்தாவுக்குப் போனாள்.

மறுநாள் காலை எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். வித்யாஸ்ரீயைக் கூப்பிட்டு அவளையும் எண்ண வைத்தேன். நூற்றுக்கு ஒன்பது. வித்யாஸ்ரீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்த ஒரு நிமிடம் பொறாமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாப்பாயியைக் கூட்டி வந்தேன். அவள் எத்தனை நீலம் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். "ஒம்பதும்மா! பத்துக்குக் கீழ வந்துருச்சு."

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். "எல்லாம் வெளுப்பா இருக்குது," என்றாள்.

"ஆமாம்மா. ஒரு மருந்து போட்டு அந்தத் துகளை அடக்கிட்டோம். உங்க அணு பொழைச்சுக்கிச்சு."

"இது அவளுதுதானா?"

"அவங்களுதுதான். பெட்டியில வெச்சிருந்தது."

"அவ இருந்தப்ப இந்த மருந்து இல்லயா?"

"இது ஆளுக்குக் குடுக்கற மருந்து இல்லம்மா. தட்டுல மட்டும்தான். ஆளுக்கு ஆகறதுக்கு இன்னும் எத்தனை வருசமோ, ஆகுமோ ஆகாதோ."

அவள் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. ஒரு கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"இனி ஊருக்குப் போய்ப் பானைய எறக்கலாமில்லம்மா?" என்றேன். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"அவளுது இன்னும் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு குப்பி இருக்குது."

"மருந்து போடாம ஒருக்கா பாரு கண்ணு."

"அதுவும் பார்க்கத்தாம்மா போறோம். ஆனா மருந்து போடாட்டி மறுபடி நாப்பதுக்கு மேல போயிரும். அவங்கதான் ஜெயிப்பாங்க."

பாப்பாயி எழுந்து வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை ஒதுக்கி, நேற்றுக் குத்திய கையை விட்டுவிட்டு மற்றக் கையை நீட்டி மேசைமேல் வைத்தாள்.

"ஜெயிக்கட்டும்," என்றாள்.